முதுகில் தையல் போட்ட சட்டை

1959

தை 2, வியாழன்

காலையில் கடும் பனி. எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. மாட்டுப் பொங்கல். எங்களுக்கு மாடு கிடையாது. அத்தை பக்கத்து வீட்டு மாட்டுக்குக் குங்குமம் வைத்துவிட்டு வந்தார்கள்.

கடலை மண்டியில் அவருக்குப் புது டைரி. மல்லாட்டை மூட்டைக் கணக்கு எழுதியே கை ஓய்ந்துவிடுகிறதாம், என் பக்கம் தள்ளிவிட்டார். போன வருஷ டைரியில் ஆவணிக்கு மேல் வெறும் தாள். எழுத என்ன இருந்தது.

எட்டாம் மாசம். கால் வீக்கம். பசி உண்டு, ருசி இல்லை. உள்ளே உதைக்கிறது. உதைத்தால் "சரி" என்று நினைத்துக்கொள்கிறேன். அவ்வளவுதான்.

வாங்க: உளுந்து, சீயக்காய், விளக்குத் திரி, மிஷின் எண்ணெய். (மிஷின் எண்ணெயை அடித்துவிட்டேன். எதற்கு?)

தை 4, சனி

பனி குறைவு. பொங்கல் வெல்லம் மீதி, எறும்பு.

அத்தை இன்று ஆரம்பித்தார்கள். "இந்த வாட்டி ஒரு துண்டுத் துணி தெய்க்கக் கூடாது, சொல்லிட்டேன். பொறந்ததும் மொதல்ல போடறது பழசா இருக்கணும். நல்லா வளந்த புள்ள போட்ட சட்டை. யார்னா மனசாரக் குடுக்கணும். துட்டு குடுத்து வாங்கக் கூடாது."

"சரி அத்தே" என்றேன். நான் எங்கே தைக்கப் போகிறேன். மிஷின் மேல் போர்வை, போர்வை மேல் அரிசி டின், இரண்டு வருஷமாக.

இந்தப் பக்கம் எல்லாரும் பழசு போட்டு வளர்ந்தவர்கள்தான். போன தடவை நான் கேட்கவில்லை. எட்டாவது படித்த திமிர் என்றார்கள் அத்தை. திமிர் இல்லை, ஆசை. அப்பா விழுப்புரம் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் கார்டு வீட்டு ரோசி அம்மா, ஆங்கிலோ இந்தியர்கள்; சட்டைக்காரர்கள் என்பார்கள் ஊரில். எனக்குக் கல்யாணமானபோது சீமையிலிருந்து வந்த தையல் அளவுக் காகிதம் ஓர் உறை கொடுத்தார்கள். அவர்கள் அம்மா காலத்துப் பழசு. உறை மேல் கன்னம் உப்பின குழந்தைப் படம். உள்ளே வெங்காயத் தோல் மாதிரிக் காகிதத் துண்டுகள்: முன்பக்கம், முதுகு, கை. எழுத்து ஒன்றுகூடக் கிடையாது, வெறும் ஓட்டைகள். பெரிய ஓட்டை, சின்ன ஓட்டை. முதுகுத் துண்டின் ஓரத்தில் மூன்று ஓட்டை. ஆணியில் மாட்ட என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியே வைத்து வெட்டினால் பாதி முதுகுதான் வந்தது. சீமையில் இப்படித்தான் போலிருக்கிறது என்று இன்னொரு பாதி வெட்டி நடுவில் சேர்த்துத் தைத்தேன். வெள்ளை மல் துணி. நம் வெயிலுக்காகக் கழுத்தை இறக்கி, கையைக் குறைத்து, பட்டனுக்குப் பதில் நாடா. நான்கு சட்டை. நான்குக்கும் நடுமுதுகில் ஒரு தையல்.

ஐப்பசியில் பெண் பிறந்தாள், அம்மா வீட்டில். ரோசி அம்மா பார்க்க வந்து சட்டையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "இந்த மூணு ஓட்டை துணி மடிப்புல வைக்கறதுக்கும்மா. அப்ப நடுவுல தையல் வராது. பரவால்ல, அடுத்த பேபிக்கு கரெக்டா வெட்டு."

பேர் வைப்பதற்குள் போய்விட்டாள். மல்லாக்கப் போட்டால் அழுவாள், தோளில் போட்டால் நிறுத்துவாள். வேறு பெரிதாக ஒன்றும் ஞாபகம் இல்லை.

வயிற்றில் இருக்கும்போதே புதுசு தைத்ததுதான் காரணம் என்று அத்தை ஊர் முழுக்கச் சொன்னார்கள். சட்டைகளைக் கிடங்கல் ஏரியில் விட்டுவிட்டேன் என்றார்கள். அதற்கும் சரி என்றேன்.

தை 6, திங்கள்

விழுப்புரம் போய் வந்தோம், அத்தையும் நானும். ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அத்தைதான் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். நான் சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வீட்டில் சாப்பாடு. முருங்கைக்காய்ச் சாம்பார். ரோசி அம்மா சீமைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. அந்தக் குவார்ட்டர்ஸில் வேறு யாரோ. வாசலில் அம்மி கிடக்கிறது.

திரும்பும்போது கூட்டேரிப்பட்டில் பஸ் நிரம்பிவிட்டது. தைக் கிருத்திகை. மயிலத்திலிருந்து மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஒரே கூட்டம். கண்டக்டர்: "உள்ள போ, ஜல்தி, ஜல்தி, நடு பஸ்ஸு காலியா கீது பாரு!" கால் வைக்க இடமில்லை, அவருக்கு மட்டும் காலி.

என் சீட்டை ஒட்டி ஒருத்தி வந்து நின்றாள். மண்டியில் மல்லாட்டை உடைக்க வருகிற அஞ்சலை, பெருமுக்கல்காரி. ஒரு கையில் மொட்டை போட்ட பையன், இடுப்பில் கைக்குழந்தை. குழந்தையின் முதுகு என் முகத்துக்கு நேரே. வெள்ளைச் சட்டைதான், பழுப்பேறிவிட்டது. நடுமுதுகில் மேலிருந்து கீழ்வரை ஒரு தையல். கீழே வரும்போது இடப்பக்கம் கொஞ்சம் கோணல். நூல் அறுந்து மறுபடி ஆரம்பித்த இடம். என் கோணல் எனக்குத் தெரியாதா.

ஏரியில் போன சட்டை.

குழந்தைக்கு நல்ல சதை. சட்டை ஏறிப்போய் இடுப்பு தெரிந்தது. நிற்கிறவர்கள் குழந்தையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம்தானே, கை நீட்டினேன். அத்தை என் கையை விலக்கி, "வயித்த வெச்சிகினு நீ ஏன்டி, இப்பிடிக் குடு" என்று தாமே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். மண்டிக் கூலிக்காரர்கள் பிள்ளையை அத்தை தொட்டு நான் பார்த்ததில்லை.

"நல்லாகிறீங்களாம்மா?" என்றாள் அஞ்சலை. அத்தை தலையை மட்டும் ஆட்டினார்கள். திண்டிவனம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்வை. கை மட்டும் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது.

தை 7, செவ்வாய்

கேப்பைக் களி, கீரை மசியல். மோர் புளித்துவிட்டது.

மத்தியானம் படுத்திருக்கும்போது திடீரென்று கோபம். நம் வீட்டுக்கு ஆகாத துணி அவர்கள் வீட்டுக்கு ஆகுமா? அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால்? கூலிக்காரர்கள் பிள்ளை என்றால் பரவாயில்லையா? இதை எழுதிவிடலாம் என்று எழுந்து வந்தேன். எழுதும்போதே போய்விட்டது. எனக்கு இப்போதெல்லாம் எதுவும் ஈரத் தீக்குச்சிதான்.

அவர் மண்டியிலிருந்து வந்ததும் கேட்டேன். "அஞ்சலைக்கு எத்தன கொழந்தைங்க?"

"ரெண்டு. எதுக்கு? மூத்தவன் நம்ம பாப்பா பொறந்த மாசம்..." என்றவர் அப்படியே நிறுத்திவிட்டார். இந்த வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. சட்டையைக்கூடக் கழற்றாமல், கடைக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வெறுங்கையுடன் திரும்பி வந்தார்.

தை 11, சனி

வெயில் சுள்ளென்று. பனி போய்விட்டது போலிருக்கிறது.

அத்தை பழைய சட்டை கேட்டுப் போன வீடுகள்:

கோடி வீடு – எல்லாவற்றையும் தங்கச்சிக்குக் கொடுத்தாகிவிட்டதாம்.

ஆசாரி வீடு – எலி கடித்துவிட்டதாம்.

கிணற்றடி வீடு – அவள் புருஷனைக் கேட்க வேண்டுமாம். கல்யாணமானதிலிருந்து எதைத்தான் அவனைக் கேட்டுச் செய்திருக்கிறாள்.

மாடி வீட்டு ருக்மணி – "எல்லாம் கிழிஞ்சி போச்சுங்க, தரை தொடைக்கத்தான் ஆச்சு." அவள் பையனின் மூன்று சட்டைகள் மாடிக் கொடியில் காய்கின்றன. என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரிகிறது.

பயம். குழந்தை செத்த வீட்டுக்குத் தன் பிள்ளை சட்டையைக் கொடுத்தால் ஆயுசும் கூடவே போய்விடும் என்ற பயம். நான் அவர்கள் இடத்தில் இருந்தால் கொடுத்திருப்பேனா? தெரியவில்லை.

அத்தை வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினார்கள். "நாலு வூடு ஏறி எறங்கிட்டேன்டி லோகு. பிச்ச கேட்டாகூட ஒரு புடி அரிசி போடுவாளுங்க." முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். முழங்கால் இவ்வளவு சின்னது என்று இதுவரை கவனிக்கவில்லை.

தை 15, புதன்

புடவைக்குக் கஞ்சி போட்டேன். ஊறுகாய் எலுமிச்சை வாங்க மறந்தாயிற்று.

ருக்மணி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அக்கா, உங்க கிட்ட சீமைச் சட்டை அளவு காயிதம் இருக்காமே. என் தங்கச்சிக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்குது. பொறந்துட்டப்பறம் தெச்சா தப்பில்லியே. ரெண்டு நாள் குடுங்கக்கா."

சட்டை தர மாட்டாள், சட்டை அளவு மட்டும் வேண்டுமாம். நல்ல மனுஷி. பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அந்துருண்டை வாசனை. உறையின் ஒரு மூலையைப் பூச்சி அரித்திருந்தது, குழந்தைப் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் கன்னம் அப்படியே உப்பிக்கொண்டு இருக்கிறது. பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். தோன்றவில்லை.

மூன்று ஓட்டை விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான்.

தை 16, வியாழன்

காலையில் மாடியில் ருக்மணி பாய் விரிக்கிற சத்தம், பிறகு கத்தரிக்கோலைத் தேடுகிற சத்தம். காபியைப் பாதியில் வைத்தேன்.

படி ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஏறினேன். துணியை ஒற்றையாக விரித்து, முதுகுத் துண்டை வைத்து, சாக்குக்கட்டியால் கோடுகூடப் போட்டுவிட்டாள்.

"நில்லு. இந்த மூணு ஓட்டை மடிப்புல வரணும். துணிய ரெண்டா மடி, மடிப்பு ஓரத்துல இத வை. இல்லன்னா பாதி முதுகுதான் வரும், நடுவுல தெச்சி சேக்கணும்."

"சேத்தா இன்னாக்கா? கோடு போட்ட மாரி அழகாத்தானே இருக்கும்."

"உறுத்தும்" என்றேன். அவள் விரித்த பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. மல்லாக்கப் போட்டால் அழுதது முதுகுத் தையல் உறுத்தித்தானோ என்பது. நெஞ்சு பலம் போதவில்லை என்றார் அப்போது பார்த்த டாக்டர். தையலால் ஒரு குழந்தை சாகாது, அது எனக்கும் தெரியும். ஆனால் இருந்த கொஞ்ச நாளும் முதுகு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் தைத்த தையல். அத்தை சொல்கிற காரணம் என்னைத் தொடவே இல்லை. இது விடவில்லை.

ருக்மணி தண்ணீர் கொடுத்தாள், முந்தானையால் விசிறினாள். அப்போதும் சட்டை கொடுக்கவில்லை.

தை 20, திங்கள்

அம்மாவிடமிருந்து ஆள் வந்து சொன்னது: வருகிற ஞாயிறு வந்து அழைத்துப் போகிறார்களாம். மாசிக் கடைசியில்தான் பிரசவம் என்றாலும் முன்னாடியே வந்துவிடு என்று. இரண்டாவதுக்கு வளைகாப்பு கிடையாது, நல்லவேளை.

அத்தைக்கு ஒரே கவலை. இன்னும் சட்டை கிடைத்தபாடில்லை. முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே புலம்பினார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ச் சொல்லிவிட்டேன்.

"அஞ்சலை கிட்ட கேளுங்க அத்தே."

முறம் நின்றது. "எந்த அஞ்சலை?"

"பஸ்ஸுல மடியில வெச்சிகினு வந்தீங்களே, அந்தக் கொழந்தையோட அம்மா."

ரொம்ப நேரம் கல் பொறுக்கினார்கள். அந்த அரிசியில் அவ்வளவு கல் கிடையாது. பிறகு, "நாம பழசு குடுக்கறவங்கடி அவங்க. அவங்க கிட்ட போயி நாம கையேந்தறதா? ஊரு இன்னா பேசும்?"

"ஊரு சட்டை தரலியே அத்தே."

அப்புறம் அவர்களாகவே சொன்னார்கள், என்னைப் பார்க்காமல். "ஏரிக்குத்தான் எடுத்துகினு போனேன். மழ புடிச்சிகிச்சி. கரையில அவ குந்திகினு இருந்தா. பச்சப் புள்ளைய கோணில சுத்தி வெச்சிகினு இருந்தா, நம்ம மண்டிக் கோணி. எனக்கு தண்ணில வுட கை வரல. மறைக்கலடி. செத்த புள்ள சட்டைன்னு சொல்லித்தான் நீட்டனேன். வேணான்னா வேணான்னு சொல்லிடுன்னேன். 'குடுங்கம்மா, புள்ளைக்கு குளுருது'ன்னா. அவ்ளோதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா திருப்பி வாங்கிக் குடுன்னு கேட்டிருப்ப."

கேட்டிருப்பேன். போட்டிருந்த குழந்தை மேலிருந்து உருவிக்கொண்டு வாங்க என்று கேட்டிருப்பேன். அத்தைக்கு என்னைத் தெரிகிறது. இத்தனை நாள் அது எனக்குத் தெரியவில்லை.

தை 23, வியாழன்

அத்தை காலையிலேயே தலைக்குக் குளித்து, மரக்காணம் பஸ் ஏறிப் பெருமுக்கல் போனார்கள். துணைக்கு வரவா என்றதற்கு, "இது நானு போயி கேக்கணும்" என்றார்கள். வெறுங்கையோடுதான் போக வேண்டுமாம். ஒரு சீப்பு வாழைப்பழம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

நான்: ரசம், அப்பளம். துடைப்பம் கட்டினேன். ருக்மணி அளவுக் காகிதத்தைத் திருப்பித் தந்தாள். சட்டை நன்றாக வந்ததாம்.

சாயங்காலம் அத்தை வந்தார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் மடியை அவிழ்த்துச் சட்டையை என் கையில் வைத்தார்கள். நாலில் இது ஒன்றுதான் மிச்சமாம். மீதி மூன்றும் போட்டுப் போட்டு நைந்துவிட்டன.

"பாய் போட்டு குந்த வெச்சாங்க. சட்டைன்னு வாயத் தொறந்ததும், புள்ள மேல கெடந்தத அப்பிடியே அவுத்துக் குடுத்துட்டாடி. தொவச்சது இருந்தா குடுன்னா, இதான் ஒண்ணு கீதுன்றா. 'எம் புள்ளைங்க ரெண்டும் இதுல வளந்துச்சும்மா, இதுவும் வளரட்டும்'னா. அது அம்மணமா கெடந்து என்னப் பாத்து சிரிக்குது."

சொல்லிவிட்டு அத்தை அழுதார்கள். அவர்கள் அழுது நான் பார்ப்பது இதுதான் முதல். எனக்கு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தை 24, வெள்ளி

அரிசி டின்னை இறக்கினேன். மிஷினில் ஒரே துரு, பாபினில் அந்தப் பழைய வெள்ளை நூல் மிச்சம். மண்டிக்குச் சொல்லி அனுப்பினேன்: எண்ணெய் சின்ன புட்டி ஒன்று, மல் துணி. என்ன ஏது என்று கேட்காமல் மத்தியானமே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார், ஊசிப் பாக்கெட்டும் சேர்த்து. மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

அத்தை ஓடி வந்தார்கள். "வேணான்டி, சொன்னா கேளு! வயித்துல இருக்கறப்ப..."

"இதுக்கு இல்ல அத்தே. அஞ்சலை கொழந்தைக்கு. அது பொறந்தாச்சி."

"சட்டைக்கு சட்டை குடுத்தா வாங்கன மாரி ஆயிடும்."

"வாங்கனதுக்கு இல்ல. அம்மணமா கெடக்குதுன்னீங்களே."

அத்தை வாசற்படியிலிருந்து உள்ளே வந்தார்கள். மடித்த துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று ஓட்டையும் மடிப்பில். நாலு மாசக் குழந்தைக்கு எல்லாப் பக்கமும் விட்டு, பெரிதாக வெட்டினேன். விரித்தபோது முழு முதுகு. நடுவில் ஒன்றும் இல்லை. கழுத்து மட்டும் கொஞ்சம் கோணல். இரண்டு சட்டை முடிந்தது. திங்கட்கிழமை அவர் மண்டியில் அஞ்சலையிடம் கொடுத்துவிடுவார்.

தை 25, சனி

வெயில். நாளை முதல் பஸ்ஸில் விழுப்புரம். தம்பி வருகிறான்.

அத்தை அந்தப் பழைய சட்டையை வெந்நீரில் அலசி எங்கள் கொடியில் போட்டார்கள். இந்த வீட்டுக் கொடியில் குழந்தைச் சட்டை. மாடியிலிருந்து ருக்மணி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கட்டும்.

நாடா ஒன்று பிய்ந்திருந்தது, தைத்தேன். பழசைச் சரிபண்ணினால் தப்பில்லையாம், அத்தையே சொன்னார்கள். மடிக்கும்போது கேட்டார்கள், "முதுகுல அது உறுத்துமாடி?" நான் அவர்களிடம் அதைச் சொன்னதே இல்லை. ருக்மணி வாய் சும்மா இருக்காது.

உள்ளே திருப்பி, நடுத் தையலைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தேன். உறுத்தவில்லை. இரண்டு பிள்ளைகள் புரண்டு, அத்தனை தடவை துவைத்து, தையல் துணியோடு துணியாகப் போய்விட்டது. மறு கன்னத்திலும் வைத்துப் பார்த்தேன். "இல்ல அத்தே, மெத்துனு கீது" என்றேன்.

அப்போது உதைத்தது. "சரி" என்று நினைக்க வரவில்லை. பயமாக இருந்தது. இது இருக்க வேண்டுமே என்ற பயம். இரண்டு வருஷத்தில் இப்படிப் பயந்ததே இல்லை. எழுதும்போதும் போகவில்லை.

பெட்டியில் வைத்தது: சேலை நாலு, பழைய வேட்டி ரெண்டு, சீப்பு, விபூதிப் பொட்டலம், தைலம். எல்லாவற்றுக்கும் மேலே சட்டை ஒன்று.